பிள்ளை தவறு செய்யும்போது செயலி என்ன செய்கிறது? வீட்டுக்கும் வகுப்பறைக்கும் கல்விச் செயலிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கைப்பேசியின் செயலிக் கடையில் ‘கணக்கு விளையாட்டு’ என்றோ ‘தமிழ் எழுத்துகள்’ என்றோ தேடினால் வரிசையாக வந்து நிற்பவை எல்லாம் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இருக்கின்றன. பளிச்சென்ற நிறங்கள், கண்கள் பெரிதான யானைக்குட்டி, நான்கரை நட்சத்திரம், விளையாடிக்கொண்டே கற்கலாம் என்ற உறுதிமொழி ஆகியவை எல்லாவற்றிலும் உண்டு. இவற்றுள் எது பிள்ளைக்குக் கற்பிக்கும், எது பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைத்திருப்பதோடு நின்றுவிடும் என்பதை அந்தத் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. தொடக்கப் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் நான் பின்பற்றும் வழியை, பெற்றோருக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் அருகில் அமர்ந்து ஒரு கூட்டல் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் 7 + 5 என்று வந்தது. கீழே 11, 2, 12, 13 என்ற எண்களைச் சுமந்த நான்கு பலூன்கள் மிதந்தன. அவள் மேலே இருந்த கணக்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வொரு பலூனாகத் தட்டிக்கொண்டே போனாள். தவறான பலூன் இலேசாகக் குலுங்கியது, அவ்வளவுதான். 12-ஐத் தட்டியதும் பலூன் வெடித்து, கைத்தட்டல் ஒலித்து, ‘சபாஷ்’ என்று ஒரு குரல் வந்தது. பத்து நிமிடத்தில் 30 நட்சத்திரங்கள் சேர்ந்துவிட்டன. பிறகு அதே 7 + 5-ஐச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். விரல்களை மடக்கி எண்ணி, 11 என்று எழுதினாள். ஏழுக்கு மேல் எண்ணத் தொடங்க வேண்டியவள் ஏழையே முதல் விரலாக எண்ணியிருந்தாள். உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசினால் திருத்திவிடக்கூடிய பிழை அது. முப்பது நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்த செயலிக்கு அப்படியொரு பிழை இருப்பதே தெரியவில்லை.

அன்றிலிருந்து எந்தச் செயலியானாலும் முதலில் ஒரே கேள்வியை வைத்துத்தான் சோதிக்கிறேன்: பிள்ளை தவறு செய்யும்போது இது என்ன செய்கிறது?

வேண்டுமென்றே தவறாக விளையாடிப் பாருங்கள்

செயலியைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் தனியாக இருபது நிமிடம் அதில் செலவிடுங்கள். முதல் ஐந்து கேள்விகளுக்குச் சரியாக விடையளித்து அதன் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு வேண்டுமென்றே தவறு செய்யத் தொடங்குங்கள். ஒரே தவறை மூன்று முறை தொடர்ந்து செய்யுங்கள். கேள்வியைப் படிக்காமல் எல்லா விடைகளையும் வேகவேகமாகத் தட்டுங்கள். பிறகு எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிள்ளைகள் இந்த மூன்றையும் நிச்சயம் செய்வார்கள். அப்போது செயலி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுகிறீர்கள்.

கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 17-ஐக் கழிக்கும்போது பல பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7-ஐக் கழிக்க முடியாததால் எண்களை மாற்றிப்போட்டு 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவதே இதற்குக் காரணம். கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக் கொடுத்த எந்த ஆசிரியரும் இந்த 45-ஐப் பலமுறை பார்த்திருப்பார். ஆகவே கணக்குச் செயலி ஒன்றைச் சோதிக்கும்போது இந்தக் கணக்கில் 45 என்று உள்ளிடுங்கள். சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி ஒன்றைக் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும் செயலி உங்கள் பிள்ளைக்குத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுகிறது, கற்பிக்கவில்லை. சரியான விடை 35 என்று சொல்லிவிட்டுப் போகும் செயலி ஓரளவு மேல். ஆனால் பிள்ளை அந்த 35-ஐ எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே கடந்துவிடும். ஐந்து பத்துக்கட்டுகளையும் இரண்டு குச்சிகளையும் திரையில் வைத்து, ஒரு கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சிகளாக்கி, அதிலிருந்து ஏழை எடுக்கச் சொல்லும் செயலி கிடைத்தால் அதை விடாதீர்கள். அதற்கு நட்சத்திரம் குறைவாக இருக்கலாம், யானைக்குட்டி இல்லாமலும் இருக்கலாம்.

தவறு செய்தால் ‘உயிர்’ ஒன்றைப் பறித்து, மூன்று உயிர் போனதும் ஆட்டத்தை முடித்துவிடும் விளையாட்டுகளைத் தொடக்க வகுப்புகளுக்கு நான் அறவே தவிர்க்கிறேன். ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைதான் அதில் முதலில் வெளியேற்றப்படும். நன்றாகத் தெரிந்த பிள்ளை தொடர்ந்து பயிற்சி பெறும். உயிரை மீட்க விளம்பரம் பார்க்கச் சொல்வது அதைவிட மோசம். அங்கே பிள்ளையின் தவறு நிறுவனத்துக்கு வருமானமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்குப் பிள்ளையைத் திருத்துவதில் என்ன அக்கறை இருக்க முடியும்?

விளைவைக் கண்ணெதிரே காட்டிப் பிழையைப் புரியவைக்கும் கருவிகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் பாவனைப் பாடங்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. அதில் மின்சுற்று அமைக்கும் பாடத்தில் மின்கலத்தின் இரு முனைகளையும் பல்பு எதுவும் இல்லாமல் ஒரே கம்பியால் இணைத்துப் பாருங்கள். மின்கலத்தின் மேல் தீ எரியத் தொடங்கும். ‘தவறு’ என்று எந்த எழுத்தும் திரையில் வராது. ஆனால் குறுக்குச் சுற்று என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளை அதன் பிறகு மறக்காது. உண்மையான கம்பியைக் கொண்டு செய்து கையைச் சுட்டுக்கொள்ளவும் தேவையில்லை. ஆஸ்திரியாவின் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளும் இதே வகையைச் சேர்ந்தது. கண் மதிப்பாக ஒரு சமபக்க முக்கோணத்தை வரைந்துவிட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் கோணலாகிவிடும். இரண்டு வட்டங்களை வெட்டச் செய்து முறைப்படி அமைத்த முக்கோணமோ எப்படி இழுத்தாலும் பெரிதாகும், சிறிதாகும், ஆனால் சமபக்கமாகவே இருக்கும். வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்க எனக்கு ஒரு பாடவேளை ஆகும். அந்த ஒரே இழுப்பு அதைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் நிரலாக்கக் கருவியில், கட்டளைகளை அடுக்கி நகர்த்தும் பூனை இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் வலப்பக்கம் போனால், எந்தக் கட்டளையை மாற்ற வேண்டும் என்று பிள்ளையே தேடத் தொடங்குகிறது. இவை எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பொருந்தும். அதற்குக் கீழே ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற எளிய வடிவம் உண்டு.

பிள்ளை நிற்கும் இடம் செயலிக்குத் தெரிகிறதா?

ஐந்தாம் வகுப்பில் படிப்பதால் மட்டும் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இருப்பதில்லை. இதைச் செயலி கண்டுகொள்கிறதா என்பது இரண்டாவது பெரிய சோதனை. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் டெல்லியில் அரசுப் பள்ளி மாணவர்களிடையே மைண்ட்ஸ்பார்க் என்னும் கற்றல் மென்பொருளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. சுமார் நாலரை மாதத்தில், அந்த மென்பொருளைக் கொண்டு நடந்த கற்றல் மையங்களுக்குச் செல்ல வாய்ப்புப் பெற்ற மாணவர்கள் கணக்கிலும் இந்தியிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததை ஆய்வாளர்கள் முதலிலேயே அளந்திருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் உண்மையான நிலையிலிருந்து தொடங்கச் செய்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அங்கே நாளொன்றுக்கு 90 நிமிடம் நடந்த வகுப்பில் பாதிதான் கணினி முன்பு. மீதிப் பாதி ஒரு துணை ஆசிரியருடன் சிறு குழுவாகக் கழிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கை, கணினிப் பயன்பாடு பெருகியபோதிலும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று காட்டியது. கருவியை வாங்கி வைப்பதால் கற்றல் நடந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பள்ளி நிர்வாகத்தில் டேப் வாங்குவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அதில் எந்தப் பாடத்துக்கு எதைப் பயன்படுத்தப் போகிறோம் என்று முதலில் கேளுங்கள்; விலைப்பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று விளம்பரத்தில் இருந்தால் யார் ஆராய்ந்தார்கள், யாருடன் ஒப்பிட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை, கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்றும், பிரிட்டனில் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்திய நிறுவனங்கள் 7 சதவீதம் மட்டுமே என்றும் குறிப்பிடுகிறது. எனவே பெரும்பாலான செயலிகளுக்கு உங்கள் சொந்தச் சோதனையைத் தவிர வேறு சான்று கிடைக்காது.

தமிழ்ச் செயலி என்றால் தமிழைச் சோதியுங்கள்

வேறு மொழியில் செய்த செயலியை அப்படியே மாற்றி ‘தமிழ்’ என்று பெயரிட்டு விற்பது மிகுதி. சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லையும் படத்தையும் காட்டும் முறை ஆங்கில அரிச்சுவடிக்கு உரியது. ண, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொற்கள் தொடங்குவதில்லை. மொழி தெரிந்தவர் செய்த செயலி ‘ண’வுக்கு வீணையையும் ‘ழ’வுக்குப் பழத்தையும் காட்டி, எழுத்து சொல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று அடையாளம் காண வைக்கும். அதைச் செய்யாமல் இந்த எழுத்துகளை விட்டுவிட்டோ வலிந்து ஏதோ ஒரு சொல்லைப் போட்டோ கடந்து போகும் செயலியில் மற்றவையும் சரியாக இருக்காது.

அடுத்து, எழுத்தின் மேல் விரலால் எழுதிப் பழகும் பகுதியைத் திறந்து ‘அ’வை வால் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதிப் பாருங்கள். கோட்டின் மேல் விரல் போனால் போதும் என்று கைதட்டும் செயலிகள் பல. அப்படிப் பழகிய விரல் நோட்டில் எழுதும்போது அதே தலைகீழ் வழியில்தான் போகும். அதை மாற்றுவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம் என்பதை முதல் வகுப்பு ஆசிரியர்கள் அறிவார்கள். எங்கே தொடங்க வேண்டும் என்று புள்ளி வைத்து, திசை மாறினால் நிறுத்தி, மீண்டும் தொடங்கச் சொல்வதே நல்லது.

கொ, கோ, கௌ போன்ற உயிர்மெய் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் திரைகளை இன்றும் காண்கிறேன். குரலைக் கவனியுங்கள். ‘பக்கம்’ என்பதில் வரும் ககரமும் ‘பகல்’ என்பதில் வரும் ககரமும் ஒரே ஒலியில் வந்தால் அது இயந்திரத்தின் குரலாகவோ தமிழ் அறியாதவரின் குரலாகவோ இருக்கும். ல, ள, ழ மூன்றும் தனித்தனியே காதில் விழ வேண்டும். பாராட்டுச் சொற்களையும் படித்துப் பாருங்கள். சரியான விடைக்கு ‘நல்ல வேலை’ என்று எந்தத் தமிழ் ஆசிரியரும் சொல்வதில்லை. ‘அருமை’, ‘சபாஷ்’, ‘அப்படித்தான்’ என்றே சொல்வோம். பாராட்டையே மொழிபெயர்த்து எடுத்தவர்கள் பாடத்தை எப்படி எடுத்திருப்பார்கள் என்று நான் ஊகித்துக்கொள்கிறேன்.

பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் இப்போது தமிழிலும் உள்ளன. 2019-இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமாகிப் பிறகு ரீட் அலாங் என்று பெயர் மாறிய கூகுளின் செயலி இவ்வகையில் பலருக்கும் தெரிந்தது. இத்தகைய செயலியை உங்கள் ஊர்ப் பிள்ளையின் வாயால் சோதியுங்கள். உங்கள் வாயால் சோதித்தால் போதாது. தூத்துக்குடிப் பிள்ளையும் தருமபுரிப் பிள்ளையும் ஒரே வரியை ஒரே இழுப்பில் படிப்பதில்லை. சரியாகப் படித்த சொல்லை மூன்று முறை ‘மீண்டும் சொல்’ என்று செயலி கேட்டால், பிள்ளை தன் பேச்சிலேயே குறை இருப்பதாக எண்ணிக்கொள்ளும். அந்தப் புண் எளிதில் ஆறாது. வாசிப்புக்கு எப்போதும் நான் முதலில் பரிந்துரைப்பது பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைத்தான். நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்த தமிழ்ப் படக்கதைகள் அங்கே இலவசமாக இருக்கின்றன; பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியானவை என்பதால் அச்சிட்டு வகுப்பில் வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

பணம், விளம்பரம், பிள்ளையைப் பற்றிய தகவல்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பயன்படுத்தும் 135 செயலிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் 95 சதவீதத்தில் ஏதேனும் ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. விளம்பரம் என்றால் இடையில் வரும் படம் மட்டும் அன்று. விளையாட்டில் வரும் கரடியோ மருத்துவரோ பூட்டிய பெட்டியைக் காட்டி வாங்கச் சொல்வதும் விளம்பரமே. தனக்குப் பிடித்த பாத்திரம் கேட்பதை மறுக்கும் வலிமை நான்கு வயதுப் பிள்ளைக்குக் கிடையாது. ஆகவே ‘விளம்பரங்கள் உள்ளன’, ‘செயலிக்குள் வாங்கலாம்’ என்ற இரண்டு குறிப்புகளையும் பதிவிறக்கும் பொத்தானுக்கு அருகிலேயே தேடிப் பாருங்கள். ஒரே தொகை கொடுத்து விளம்பரமின்றி வாங்கும் வழி இருந்தால், இலவசமாகக் கிடைப்பதைவிட அது பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

ஏழு நாள் இலவசம் என்று தொடங்கி அட்டை எண்ணையோ யுபிஐ அனுமதியையோ கேட்கும் சந்தாக்களில் பெற்றோர் பலர் சிக்கியிருக்கிறார்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. செயலிக் கடையின் சந்தாப் பகுதிக்கோ வங்கியின் தானியங்கிப் பணம் செலுத்தும் பகுதிக்கோ சென்று தனியாக நிறுத்த வேண்டும். கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றி 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையிலும், தானாகப் பணம் எடுக்கும் முறையைத் தவிர்க்குமாறு பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. என் மாணவன் ஒருவனின் தாய், வீட்டுக்கு வந்த விற்பனையாளர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளையின் நான்கு ஆண்டுப் பாடங்களுக்குத் தவணைக் கடன் எடுத்துவிட்டு, இரண்டாம் மாதமே பிள்ளை அதைத் திறக்காமல் விட்டபின்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

தகவலைப் பற்றிய கவலை நம்மிடையே இன்னும் போதிய அளவு வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கற்றல் கருவிகளை ஆராய்ந்த மனித உரிமைகள் கண்காணிப்பகம், அவற்றுள் 89 சதவீதம் பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஊறு செய்யும் அல்லது அதற்கு இடம் கொடுக்கும் வகையில் தகவலைக் கையாண்டதாக 2022-இல் அறிவித்தது. அரசு பரிந்துரைத்தது என்பதால் சோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் அது கூறுகிறது. சில விலக்குகளும் உண்டு.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. எழுத்துப் பழக்கும் செயலிக்கு இருப்பிடமும் தொடர்பு எண்களும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்தபின் இயங்காது என்றால் நீக்கிவிடுங்கள். வாசிப்பைக் கேட்கும் செயலிக்கு ஒலிவாங்கி தேவை என்பது நியாயம்; பெருக்கல் வாய்ப்பாட்டுக்குத் தேவையில்லை. வகுப்புக்குப் பதிவு செய்யும்போது பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த நாள், நிழற்படம் ஆகியவற்றைக் கொடுக்காமல் ‘மல்லி 4’, ‘முல்லை 7’ என்பன போன்ற பெயர்களை வையுங்கள். எந்தப் பெயர் யாருக்கு உரியது என்ற பட்டியல் உங்கள் மேசை இழுப்பறையில் தாளில் இருக்கட்டும். கூகுள் பிளேயில் ‘தரவுப் பாதுகாப்பு’ என்ற பகுதி இருக்கிறது, அதைப் படியுங்கள். ஆனால் அது நிறுவனமே தன்னைப் பற்றி எழுதிக் கொடுப்பது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் ஒரே ஒரு கருவி இருந்தால்

செயலிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் பிள்ளைக்கு ஒரு டேப் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியரின் கையில் ஒன்றும், இருந்தால் சுவரில் ஒரு திரையும்தான் இருக்கும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு கருவி என்னும் நிலையில் நான் மிகவும் மதிக்கும் கருவி பிளிக்கர்ஸ். பிள்ளைகளிடம் மின்கருவி எதுவும் தேவையில்லை. கறுப்பு வெள்ளைக் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்கள் என்பதே அவர்களது விடை. ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓடவிட்டால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரிந்துவிடும். ஒவ்வோர் அட்டையும் வெவ்வேறு வடிவம் என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. தவறாகச் சொன்ன பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும் நிலையும் வராது. மேலே சொன்ன 52 − 17-ஐக் கேட்டு, 45-ஐ ஒரு விடையாக வைத்துப் பாருங்கள். எத்தனை பேருக்குக் கடன் வாங்கல் புரியவில்லை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், அன்றைய பாடத்தை எங்கே தொடங்குவது என்பதும் முடிவாகிவிடும்.

டேப் ஒன்றை நான்கு பிள்ளைகள் பகிர வேண்டியிருந்தால், கை வேகமான பிள்ளை எல்லாவற்றையும் தட்டிவிட்டு மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பது வழக்கம். இதற்கு நான் வைத்திருக்கும் விதி ‘எழுதிவிட்டுத் தட்டு’ என்பது. நால்வரும் விடையைச் சிலேட்டில் எழுதிக் காட்டிய பிறகே ஒருவர் திரையைத் தொடலாம். மூன்று கணக்குக்கு ஒருமுறை கருவி அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். விடைகள் வேறுபட்டால் தட்டுவதற்கு முன் ஏன் என்று பேசியாக வேண்டும். சாதாரணமான செயலிகூட இந்த விதியின் கீழ் பயனுள்ளதாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இணையத்தை நம்பிப் பாடத்தைத் திட்டமிடாதீர்கள். முந்தைய நாளே விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். ஃபெட் பாடங்களைப் பதிவிறக்கி இணையமின்றி இயக்கலாம். கோலிப்ரி என்னும் இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவிப் பாடங்களை ஒருமுறை இறக்கிவிட்டால், வெளி இணைப்பே இல்லாமல் அறைக்குள் இருக்கும் மற்றக் கருவிகளுக்கு அவற்றைப் பகிரலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீடுகளும், 2017-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் தீக்ஷா தளமும், 2023-இல் மாநிலக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியும் பாடத்திட்டத்தோடு நேரடியாகப் பொருந்துபவை என்பதால் தேடும் நேரம் மிச்சம். ஆனால் காணொளியை ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிடக் கூடாது. பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும்.

திரையில் உள்ள எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்று நீங்களே போய் நின்று பாருங்கள். சரியையும் தவறையும் பச்சை, சிவப்பு நிறங்களால் மட்டுமே காட்டும் செயலி, அந்த நிறங்களைப் பிரித்தறிய முடியாத பிள்ளைக்குப் பயன்படாது. வகுப்பில் அப்படி ஒரு பையன் இருப்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டும் ஒருமுறை ஆடிப் பாருங்கள், காது மந்தமான பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று புரியும்.

வீட்டில் எவ்வளவு நேரம், யாருடன்

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இரண்டு வயதுக்குக் கீழ் திரையே கூடாது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் தொலைக்காட்சியும் சேரும். கல்விச் செயலி என்பதால் தனிச் சலுகை கிடையாது. என் அனுபவத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு செயலியில் பதினைந்து நிமிடமே போதும், அதுவும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது. அடுத்த ஆட்டம் தானாகத் தொடங்குகிறதா, ‘இன்று வராவிட்டால் உன் தொடர் முறிந்துவிடும்’ என்று அச்சுறுத்துகிறதா என்று பாருங்கள்; இவை பிள்ளையை நிறுத்தவிடாமல் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஒரு பாடம் முடிந்ததும் தானே நின்றுவிடும் செயலியை நம்பலாம்.

அருகில் இருப்பது என்றால் காவல் இருப்பது என்று பொருளில்லை. ‘அது எப்படிம்மா வந்துச்சு, எனக்குச் சொல்லு’ என்று பாட்டி கேட்டாலே போதும். பாட்டிக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; பிள்ளை விளக்கத் தொடங்கும்போது தன் பிழையைத் தானே பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வாரச் சோதனை

மேற்சொன்ன எல்லாவற்றிலும் தேறிய செயலியையும் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். தொடங்கும் நாளன்று, அந்தச் செயலி கற்பிப்பதாகச் சொல்லும் பொருளில் ஆறு கேள்விகளைத் தாளில் கொடுத்துத் தேதியிட்டு வையுங்கள். இரண்டு வாரம் பயன்படுத்தியபின் எண்களை மட்டும் மாற்றி அதே வகைக் கேள்விகள் ஆறைத் தாளிலேயே கொடுங்கள். செயலியின் அறிக்கைப் பக்கத்தில் ஏறிய மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளாதீர்கள். பலூனைத் தட்டிய சிறுமிக்கும் அது ஏறிக்கொண்டேதான் போயிருக்கும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, பழைய பிழை மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் செயலியை மூடிவிட்டுக் குச்சிகளையும் சிலேட்டையும் எடுங்கள்.

கைவிட முடிவு செய்த செயலியை நீக்குவதற்கு முன், அமைப்புகளுக்குள் சென்று பிள்ளையின் கணக்கை அழிக்கக் கோருங்கள், சந்தா இருந்தால் நிறுத்துங்கள், நிறுத்தியதற்கான மின்னஞ்சல் வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தச் செயலி, எந்தப் பாடம், எந்த இடத்தில் தவறியது என்று ஒரு வரியைப் பணிக்குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அதே இணைப்பு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது அந்த வரியை அப்படியே அனுப்பிவிடலாம்.